பச்சை நிறம் வேண்டும், பச்சை முட்டை வேண்டாம்

தமிழில் ‘பச்சை முட்டை’ என்றால் வேகவைக்காத முட்டை என்றே பொருள். இங்கு நாம் பேசவிருப்பதோ நன்றாக வேகவைத்து, மஞ்சள் கருவைக் கொத்தமல்லி, புதினாவோடு பிசைந்து, மீண்டும் வெள்ளைக் கருவில் நிரப்பிய பசுநிற முட்டையைப் பற்றி. மேலைநாட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துகளில் இதன் உறவுப் பண்டம் ‘டெவில்ட் எக்ஸ்’ என்ற பெயரில் வருகிறது. காரம் மிகுந்த பண்டங்களுக்கு ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டில் சாத்தானின் பெயரை வைத்தனர். இலங்கைத் தமிழர் உணவகங்களில் கிடைக்கும் ‘டெவில்’ வகைகளின் பெயரும் அவ்வழி வந்ததே.

மருத்துவர்களாகிய நாங்கள் சமையல் குறிப்பு எழுதுவதற்குக் காரணம் உண்டு. பண்டிகை நெருங்கும்போது வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, “இவருக்கு என்ன கொடுக்கலாம்?” என்பதுதான். வேலூரில் கிறிஸ்துமஸ் என்றாலும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் நோன்புப் பெருநாள் என்றாலும், பிரியாணி மணக்கும் வீட்டில் ஒருவரை மட்டும் கஞ்சிக் கிண்ணத்தோடு தனியே அமர்த்துவது அவருக்கும் வலிக்கும், பரிமாறுவோருக்கும் வலிக்கும். எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்ணக்கூடிய பண்டம் ஒன்றாவது இருக்க வேண்டும். கவனமாகச் செய்தால் இம்முட்டை அதற்குப் பொருத்தமானது.

ஆறு முட்டைகள் பன்னிரண்டு துண்டுகளைத் தரும். ஓடு விரிந்த முட்டையை ஒதுக்கிவிடுங்கள். அன்று இட்ட முட்டையை விட ஒரு வாரம் ஆன முட்டையே எளிதில் உரிபடும். நாளாக ஆக வெள்ளைக் கருவிலுள்ள கரியமில வாயு வெளியேறி, அதன் காரத்தன்மை கூடுவதால் உள்தோல் பற்றிக்கொள்வது குறைகிறது. நீர் கொதித்த பின் 10 முதல் 12 நிமிடம் வேகவிட்டு, உடனே பனிக்கட்டி இட்ட நீரில் போடுங்கள். நெடுநேரம் வேகவிட்டாலோ மெல்ல ஆறவிட்டாலோ மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை வளையம் தோன்றும். வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் கூடுவதால் வருவது அது. ‘முட்டை கெட்டுவிட்டது’ என்று பலர் அதனை எறிந்துவிடுகின்றனர். அதில் தீங்கு ஏதுமில்லை, பார்வைக்குத்தான் அழகில்லை.

இரண்டு கைப்பிடிக் கொத்தமல்லி, ஒரு கைப்பிடிப் புதினா ஆகியவற்றை நன்கு கழுவி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்திக் குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். இலையின் பசுமை நிலைப்பதோடு, மண்ணிலிருந்து ஒட்டி வந்த கிருமிகளும் பெருமளவு அழியும். பச்சை மிளகாய் ஒன்று, சிறு துண்டு இஞ்சி சேர்த்து, நீர் விடாமல் அரைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கருவோடு இவ்விழுதையும், துணியில் கட்டி நீர் வடித்த தயிர் மூன்று தேக்கரண்டியையும் சேர்த்துப் பிசைய, கிளிப்பச்சை நிறம் வந்துவிடும். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில்தான் பிழிய வேண்டும். புளிப்பு பட்டால் இலைப்பச்சை பழுப்பேறும். மிளகும் எலுமிச்சையும் இருப்பதால் உப்பு ஒரு சிட்டிகை போதும்.

நிறம் இன்னும் எடுப்பாக வேண்டுமென்று கடையில் பொட்டலமாக விற்கும் பச்சைத் தூளை நாடாதீர்கள். உணவுக்கென அனுமதிக்கப்பட்ட பச்சை நிறமிகள் உண்டு. அவையும் குறிப்பிட்ட சில பண்டங்களில், குறிப்பிட்ட அளவுக்குள் மட்டுமே. பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மாலகைட் பச்சை என்னும் சாயம் பட்டுக்கும் தோலுக்கும் நிறமேற்றப் பயன்பட்டது. உணவில் அதற்கு இடமில்லை. தோலுக்குச் சாயம் ஏற்றும் உருளைகளின் அருகே நாளெல்லாம் நிற்பவர்கள் வாழும் ஊர்கள் இவை. ஒரு சாயம் எவ்வளவு இறுகப் பற்றும் என்பதை எங்களைவிட நீங்கள் நன்கறிவீர்கள்.

மேலைநாட்டு முறையில் தயிருக்குப் பதில் மயோனைஸ் சேர்ப்பர். அது பெரும்பாலும் பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்வது, அடுப்பையே காணாதது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் தங்கிப் பெருகும். இதனாலேயே தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. வீட்டுக் கலவைக் கருவியில் அடித்தால் மட்டும் அது தூய்மையாகிவிடாது.

வேகவைத்த முட்டையும் நேரத்துக்குக் கட்டுப்பட்டதே. உரித்து, வெட்டி, பிசைந்து, நிரப்பும் வரை கைகள் பலமுறை படுகின்றன. கையிலுள்ள சிறு புண்ணிலிருந்து சேரும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி வெளியிடும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. நிரப்பிய முட்டை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை. வேலூர் வெயிலில் இந்த இரண்டாவது கணக்கே பெரும்பாலும் பொருந்தும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பாமல், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து வையுங்கள்.

இனி, யார் எவ்வளவு உண்ணலாம்? சர்க்கரை நோய் கட்டுக்குள் உள்ளவருக்கு இரண்டு துண்டு, அதாவது ஒரு முட்டை, தடையில்லை. முட்டையில் மாவுச்சத்து மிகக் குறைவு. அவருடைய கணக்கைக் குலைப்பது பக்கத்திலிருக்கும் சீரகச் சம்பா சோறுதான். இன்சுலின் போட்டுக்கொண்டபின் விருந்து தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். விருந்தினருக்காகக் காத்திருக்காமல் அவருக்கு முதலில் பரிமாறுங்கள். கொழுப்பு முழுவதும் மஞ்சள் கருவில்தான் உள்ளது. இதய நோயாளிக்கு இரண்டு துண்டுக்கு மேல் வேண்டுமெனில் வெள்ளைக் கருவை மட்டும் கொடுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புரதம் தேவை, பாஸ்பரஸ் ஆகாது. ஆகவே அவருக்கும் வெள்ளைக் கருவே நல்லது. டயாலிசிஸ் நிலையை எட்டாத சிறுநீரக நோயாளிகள் உணவியலாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதய வால்வு மாற்றிக்கொண்டு வார்ஃபரின் போன்ற மாத்திரை உண்போர் பலர் எங்களிடம் வருகின்றனர். கீரைகளிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கும். இரண்டு துண்டில் உள்ள கொத்தமல்லி சிறு அளவே. அதற்கு அஞ்ச வேண்டாம். நிறத்துக்காகப் பசலைக் கீரையை அரைத்துச் சேர்ப்பதையும், பண்டிகைக்காகத் திடீரென்று கீரையைக் கூட்டுவதையும் தவிருங்கள்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் விருந்துத் தட்டிலிருந்து எடுக்காமல், தமக்கென அப்போதே செய்ததை அப்போதே உண்ண வேண்டும். வீட்டுத் தயிர் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கூடாதென்றால், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு அவ்விடத்தை நன்றாகவே நிரப்பும். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோருக்கு உதிரும் மஞ்சள் கரு மூச்சுக்குழலில் செல்லக்கூடும். சிகிச்சையாளர் சொல்லும் வரை கொடுக்காதீர்கள்.

ஆம்பூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, வார்டில் இருப்பவருக்குப் பண்டிகைச் சாப்பாடு கொண்டுவரும் அன்பை நாங்கள் அறிவோம். நிரப்பிய முட்டையை மட்டும் அந்தத் தூக்குவாளியில் வைக்க வேண்டாம். புறப்படும் முன் வேகவைத்துக் குளிரவைத்த முட்டையை உரிக்காமல் கொண்டுவாருங்கள். செவிலியரிடம் கேட்டுவிட்டு, கைகளைக் கழுவி, வந்தவுடன் உரித்துக் கொடுங்கள்.

விருந்துக்குப் பின் யாருக்கேனும் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கினால் உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்குங்கள். சில மணி நேரத்திலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். மலத்தில் இரத்தம், குறையாத காய்ச்சல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், எதிர்ப்பாற்றல் குறைந்தவர் என்றால் முதல் அறிகுறியிலேயே அழைத்து வாருங்கள். பண்டிகை நாளிலும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்தே இருக்கும்.