நிரல் ஒரு பக்கம், தரவுத்தளம் மறுபக்கம்

உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கும் இடம் கிட்ஹப். 2021 நவம்பர் 27 அன்று அது 2 மணி 50 நிமிடம் தடுமாறியது. அது தொடங்கியபோது இந்தியக் கடிகாரத்தில் மறுநாள் அதிகாலை 2.10. ஹேக்கர் யாரும் நுழையவில்லை. தரவுத்தளத்தில் பெரிய அட்டவணை ஒன்றின் அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அங்கே அது வாடிக்கையான வேலை. முடிய வாரக்கணக்கில்கூட ஆகும். கடைசிப் படியில், தயாராக இருந்த புதிய அட்டவணைக்குப் பழையதன் பெயரைச் சூட்டும்போது, தகவலைப் படித்துக்கொடுக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தள நகல்கள் பலவற்றில் முட்டுக்கட்டை விழுந்தது. மொத்தச் சுமையும் மிச்ச நகல்கள் தலையில் இறங்க, அவற்றாலும் ஈடுகொடுக்க முடியவில்லை.

கிட்ஹப்புக்கே இந்தக் கதி என்றால், நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனத்தின் பாடு என்ன?

எந்த இணையச் செயலியிலும் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று நிரல், மற்றொன்று தரவுத்தளம். எந்தெந்த அட்டவணைகள், அவற்றில் எந்தெந்த நெடுவரிசைகள், எதில் எண், எதில் எழுத்து என்ற வரையறைக்கு ஸ்கீமா என்று பெயர். நிரல் இந்த ஸ்கீமாவை நம்பித்தான் எழுதப்படுகிறது. ‘மொபைல்’ என்ற நெடுவரிசை இருக்கும் என்று அது நினைக்க, அங்கே அப்படி ஒன்று இல்லாவிட்டால், பயனாளர் திரையில் 500 என்ற பிழை எண் வந்து நிற்கும். நிரலைப் பொறுத்தவரை பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடலாம். தரவுத்தளத்தில் அது நடக்காது. உள்ளே லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன, ஒவ்வொரு நொடியும் புதிதாக வந்துகொண்டும் இருக்கின்றன. குடித்தனக்காரர் உள்ளே இருக்கும்போதே சுவரை இடித்துக் கட்டுகிற வேலை இது.

ஒரு காலத்தில் இதை ஆளுக்கொரு விதமாகச் செய்தார்கள். சர்வருக்குள் நுழைந்து ‘ஆல்டர் டேபிள்’ என்று ஒரு வரி அடித்துவிட்டு வருவார்கள். அடித்தவர் விடுப்பில் போனால், என்ன மாற்றினார் என்பது அவரோடு போய்விடும். இந்த மாற்றங்களையும் வரிசையான கோப்புகளாக எழுதி நிரலோடு சேர்த்தே வைத்தால் என்ன என்ற யோசனையைப் பரவலாக்கியது, இணையச் செயலிகளைக் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ். அந்தக் கோப்புகளின் பெயர்தான் மைக்ரேஷன்.

பைதான் மொழிக்காரர்களுக்கு அதே வகைக் கருவி ஜாங்கோ. அது அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005இல் பொதுவுக்கு வந்தது. அதன் ‘சிங்க்டிபி’ கட்டளை புதிய அட்டவணையை உருவாக்கும். ஏற்கெனவே இருப்பதைத் தொடாது. அந்தக் குறையைத் தீர்க்க ஆண்ட்ரூ காட்வின் 2008இல் ‘சவுத்’ என்ற துணைக்கருவியை எழுதினார். அதை ஜாங்கோவுக்குள்ளேயே கொண்டுவர 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2,500 பவுண்டு கேட்டார். சேர்ந்ததோ ஏறத்தாழ 18 ஆயிரம். எத்தனை பேர் இந்தத் தொல்லையில் தூக்கம் கெட்டிருந்தார்கள் என்பதற்கு வேறு கணக்கெடுப்பு தேவையில்லை. 2014 செப்டம்பரில் வந்த ஜாங்கோ 1.7இல் மைக்ரேஷன் உள்ளேயே அமைந்தது.

ஜாங்கோவில் ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ என்று கட்டளையிட்டால் மாற்றக் கோப்பு தயாராகும். ‘மைக்ரேட்’ என்றால் அது தரவுத்தளத்தில் நிறைவேறும். பலர் சறுக்குவது முதல் கட்டளையைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான். உண்மையான அட்டவணைகளைப் பார்த்துத்தான் அது மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறது என்று நினைக்கிறார்கள். அது அவற்றை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நிரலில் உள்ள வரையறையைப் பழைய மைக்ரேஷன் கோப்புகளோடு ஒப்பிடுகிறது, அவ்வளவே. யாராவது நேரடியாக ஒரு நெடுவரிசையைச் சேர்த்திருந்தால் அதற்குத் தெரியாது. பிறகு அதே நெடுவரிசைக்கு மைக்ரேஷன் ஓடும்போது ‘ஏற்கெனவே இருக்கிறதே’ என்று தரவுத்தளம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எந்தக் கோப்பு ஓடியது என்ற கணக்கு ‘ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ்’ என்ற அட்டவணையில் இருக்கும். செயலியின் பெயர், கோப்பின் பெயர், ஓடிய நேரம் மட்டும்தான், உள்ளடக்கம் கிடையாது. ஓடி முடிந்த கோப்பைத் திறந்து யாராவது திருத்தினால், பழைய சர்வரில் ஒன்றும் நடக்காது. புதிதாக நிறுவுகிற சர்வரில் மட்டும் திருத்திய வடிவம் ஓடும். இரண்டும் ஒரே பெயரைச் சொல்லும், உள்ளே வெவ்வேறு ஸ்கீமா இருக்கும். ஜாவா உலகின் மைக்ரேஷன் கருவியான ஃப்ளைவே இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைத்து, கோப்பு மாறியிருந்தால் மேற்கொண்டு போக மறுத்துவிடும்.

பெயர் மாற்றம் இன்னும் ஆபத்தானது. மருத்துவமனைச் செயலி ஒன்றில் நோயாளி அட்டவணையின் ‘மொபைல்’ நெடுவரிசையை ‘ஃபோன்’ என்று மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பெயரைத்தான் மாற்றினீர்களா என்று ஜாங்கோ கேட்கும். ஆம் என்றால் பெயர் மட்டும் மாறும். அவசரத்தில் வெறுமனே என்டரைத் தட்டினால், இல்லை என்று எடுத்துக்கொள்ளும். அப்போது எழுதப்படும் கோப்பு பழைய நெடுவரிசையை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்க்கும். அதை ஓடவிட்டால் எல்லா நோயாளிகளின் எண்களும் போய்விடும். மைக்ரேஷனைப் பின்னோக்கி ஓட்டினால் நெடுவரிசை திரும்பி வரும், உள்ளே ஒன்றுமிருக்காது. கோப்பைப் படித்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது என்று மூத்த நிரலாளர்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஆம் என்று சரியாகப் பதில் சொன்னாலும் கண்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரிய தளங்களில் பல சர்வர்கள் ஓடும். புதிய நிரல் அவற்றில் ஒவ்வொன்றாக ஏறும். சில நிமிடங்களுக்குப் பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே தரவுத்தளத்தோடு பேசிக்கொண்டிருக்கும். ஒன்று ‘மொபைல்’ கேட்கும், மற்றொன்று ‘ஃபோன்’ கேட்கும். ஆகவே விவரமறிந்தவர்கள் இதைத் தவணைகளாகப் பிரிக்கிறார்கள். முதலில் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது, பிறகு இரண்டிலும் எழுதுவது, பழைய பதிவுகளைச் சிறிது சிறிதாக நகலெடுப்பது, படிப்பதைப் புதியதற்கு மாற்றுவது, பழையதை யாரும் தொடவில்லை என்று உறுதியான பிறகு நீக்குவது. ஒரு பெயர் மாற்றத்துக்கு இத்தனை படியா என்று மேலாளர் கேட்பார். ஆமாம், இத்தனை படிதான்.

வெறுமனே சேர்ப்பதிலும் ஒரு கண்ணி இருந்தது. காலியாக இருக்கக் கூடாத நெடுவரிசைக்கு நிரலில் ஓர் இயல்பு மதிப்பைக் கொடுத்தால், ஜாங்கோ அதை ஏற்கெனவே உள்ள பதிவுகளில் நிரப்பிவிட்டு, தரவுத்தளத்திலிருந்து அந்த மதிப்பை எடுத்துவிடும். புதிய நெடுவரிசை இருப்பதே தெரியாத பழைய நிரல் ஒரு பதிவைச் சேர்க்க முயன்றால் தோற்றுவிடும். 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0இல்தான் இயல்பு மதிப்பைத் தரவுத்தளத்திலேயே வைத்திருக்கும் வசதி கிடைத்தது.

எந்தத் தரவுத்தளம் என்பதும் முக்கியம். போஸ்ட்கிரெஸில் மைக்ரேஷன் பாதியில் தோற்றால் பெரும்பாலும் மொத்தமும் பழைய நிலைக்கே திரும்பும். மைஎஸ்க்யூஎல்லில் அதுவரை நடந்த மாற்றம் நடந்ததுதான். மிச்சத்தைக் கையால் சரிசெய்துகொள்ள வேண்டும்.

‘மேக்மைக்ரேஷன்ஸ்’ கட்டளையோடு ‘--செக்’ என்பதைச் சேர்த்தால், வரையறையை மாற்றிவிட்டு மைக்ரேஷன் எழுத மறந்தவரை அது அங்கேயே பிடித்துவிடும். புதிதாகத் திட்டம் தொடங்குகிறவர்கள் தானியங்கிச் சோதனையில் அந்த ஒரு வரியை முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.