வீடு பார்க்கும்போது பள்ளியையும் பாருங்கள்

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெறுவோரும், தோட்டம் வீடமைப்புக்கு விடப்பட்டதால் வெளியேறுவோரும், பட்டணத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்வோரும் முதலில் செய்யும் காரியம் வீடு தேடுவதேயாகும். கிள்ளான் வட்டாரத்தில் இது பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது. மிட்லண்ட்ஸ், ஹைலண்ட்ஸ், நார்த் ஹம்மோக் போன்ற தோட்டங்கள் இருந்த நிலத்தின் பெரும்பகுதியில் இன்று தாமான்களும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. அப்பெயர்களை மறவாமல் காத்து வருபவை பெரும்பாலும் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளே.

வீடு தேடும்போது விலை என்ன, மாதத் தவணை எவ்வளவு, கோயில் அருகில் உள்ளதா, சந்தைக்கு எவ்வளவு தூரம், சொந்தக்காரர் யார் இருக்கிறார் என்றெல்லாம் நாம் விசாரிக்கிறோம். ஆனால் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு பார்க்க வருவோரிலும், “இந்த வீட்டில் குடியேறினால் என் பிள்ளை எந்த இடைநிலைப் பள்ளிக்குப் போகும்?” என்று கேட்போர் சிலரே. சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய வீட்டைப் பின்னர் மாற்றிக்கொள்ளுதல் எளிதன்று. பள்ளி பொருந்தவில்லையென்றால் அந்தச் சுமையை ஐந்தாறு ஆண்டுகள் சுமப்பது பிள்ளையே.

1964-ஆம் ஆண்டுவரை ஆரம்பக் கல்வியின் முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தவறிய பிள்ளைக்கு இடைநிலைப் பள்ளியின் கதவு அநேகமாக அடைபட்டுவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பன்னிரண்டு வயதிலேயே பால்வாளி தூக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அத்தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் முதலாம் படிவத்திற்குச் செல்ல வழி பிறந்தது. அன்று தேர்வு தீர்மானித்ததை இன்று பெரும்பாலும் முகவரி தீர்மானிக்கிறது. எந்த ஆரம்பப் பள்ளியில் பயின்ற பிள்ளைகள் எந்த இடைநிலைப் பள்ளிக்குச் செல்லவேண்டும் என்பதை மாவட்டக் கல்வி அலுவலகம் வகுத்து வைத்திருக்கிறது. இடம் மாற விரும்புவோர் விண்ணப்பம் செய்யலாம். எனினும் கேட்ட பள்ளியில் காலியிடம் இருந்தால்தான் அது நிறைவேறும்.

இங்கே பலர் அறியாத ஒரு செய்தியுண்டு. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி முதல் நாள் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. ஆகவே பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்போர் கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகாவையும், பெட்டாலிங் ஜெயாவிலோ கிள்ளானிலோ குடியிருப்போர் சிலாங்கூர் மாநிலக் கல்வி இலாகாவையும் சார்ந்தவராவர். “பக்கத்துத் தெருதானே” என்று எண்ணி எல்லை தாண்டி வீடு வாங்கியவர் வேறொரு அலுவலகத்தின் வாசலில் நிற்க நேரிடும்.

இனி, பள்ளிகளை எவ்வாறு ஒப்பிடுவது? நம்மவரிடையே பழம்பெயருக்கு மதிப்பு அதிகம். 1893-இல் தோன்றிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், 1904-இல் தோன்றிய செயின்ட் ஜான்ஸ் ஆகியவற்றின் பெயரைச் சொன்னாலே முகம் மலர்கிறது. பிரிக்பீல்ட்ஸ் அந்நாளில் நம்மவர் விரும்பிய இடமானதற்கு இரயில்வே வேலையும் குவார்ட்டர்ஸ் வீடுகளும் காரணமாயின. விவேகானந்தர் ஆசிரமமும் தமிழ்ப் பள்ளியும், நடந்து செல்லும் தூரத்தில் ஆங்கிலப் பள்ளிகளும் இருந்தமை மற்றொரு காரணம். அந்தப் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் பாட்டனார் காலத்துப் புகழ் பேரனின் கணிதப் பாடத்தை நடத்தித் தராது. கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001-இல் திறக்கப்பட்டபின் பிரிக்பீல்ட்ஸில் வாடகையும் விலையும் ஏறியிருப்பதால், பெயருக்காக மட்டும் அங்கே ஒண்டுக் குடித்தனம் நடத்துவது அறிவுடைமையாகுமா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கிள்ளானின் ஸ்ரீ அண்டலாஸ், செந்தோசா போன்ற தாமான்களில் குடியிருப்போரின் பிள்ளைகளும் அருகிலுள்ள சாதாரண இடைநிலைப் பள்ளிகளிலிருந்தே பல்கலைக்கழகம் சென்றிருக்கின்றனர்.

ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவத் தேர்வு 2022-இலும் கைவிடப்பட்டபின், இடைநிலைப் பள்ளிகளை ஒப்பிடப் பெற்றோர் கையில் எஞ்சிய பெரிய அளவுகோல் எஸ்.பி.எம். தேர்வேயாகும். அத்தேர்வில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சராசரி மதிப்பு கணக்கிடப்படுகிறது. மிகச் சிறந்த தேர்ச்சியான ஏ பிளசுக்கு 0, தோல்விக்கு 9 என்று வைத்துக் கணக்கிடுவதால், எண் குறையக் குறையத் தேர்ச்சி உயர்வு என்று பொருள். 5 பெற்ற பள்ளியைவிட 4 பெற்ற பள்ளி மேல். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வோர் உண்டு.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் ஆகாது. பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்க்கும் பள்ளியில் சராசரி நன்றாக இருப்பதில் வியப்பில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கூறுவோம். ஒரு பள்ளியில் இருநூறு பேர் முதலாம் படிவத்தில் சேர்ந்து, ஐந்தாண்டுகளில் நூற்றைம்பது பேரே எஸ்.பி.எம். எழுதுகின்றனர், சராசரி அழகாக இருக்கிறது. மற்றொரு பள்ளியில் இருநூறு பேர் சேர்ந்து நூற்றுத் தொண்ணூற்றைந்து பேர் எழுதுகின்றனர்; சராசரி சற்றுத் தாழ்வு. முதற்பள்ளியில் காணாமற்போன ஐம்பது பேர் எங்கே? சிலர் வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாம். சிலர் தொழிற்கல்விக்குச் சென்றிருக்கலாம். சிலர் படிப்பையே விட்டு லாரிக் கிளீனராகவோ கடைச் சிப்பந்தியாகவோ போயிருக்கலாம். சராசரிக் கணக்கில் அவர்கள் வருவதில்லை. நம் கருத்தில், இரண்டாம் பள்ளியே தோட்டத்துப் பிள்ளைக்கு ஏற்றது. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேறவேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேறவேண்டும். எனவே, அவ்விரு பாடங்களிலும் எத்தனை பேர் தேறினர் என்று கேட்பது, எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் ஏ பெற்றனர் என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

அடுத்தது தமிழ். தமிழை ஊடகமொழியாகக் கொண்ட அரசாங்க இடைநிலைப் பள்ளி நம் நாட்டில் இல்லை. ஆறாண்டுகள் தமிழில் பயின்ற பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலான பாடங்களைத் தேசிய மொழியில் பயிலத் தொடங்குகிறது. இம்மாற்றத்தை எளிதாக்கவே, மலாய்மொழியில் போதிய அடைவு பெறாத பிள்ளைகளுக்கென ஓராண்டுப் புகுமுக வகுப்பு நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதை அவமானமாகக் கருதும் பெற்றோரும், “ஒரு வருஷம் வீண்” என்போரும் உளர். அவ்வாண்டு வீணாவதும் பயனாவதும் பெரும்பாலும் அவ்வகுப்புக்கு யாரை ஆசிரியராகப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அனுபவமுள்ள மலாய்மொழி ஆசிரியரை அங்கே அனுப்பும் பள்ளி பாராட்டுக்குரியது.

தமிழ்மொழிப் பாடத்தின் நிலை பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசிய இடைநிலைப் பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யப்படவேண்டும். ஆயினும், பாடம் கால அட்டவணைக்குள் நடைபெறுகிறதா, பள்ளி விட்டபின் நடைபெறுகிறதா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. மாலையில் பஸ் போய்விடும் என்றால் தூரத்துப் பிள்ளை தமிழ் வகுப்பில் உட்காராது. சில பள்ளிகளில் மூன்றாம் படிவம்வரை ஓடும் வகுப்பு நான்காம் படிவத்தில் நின்றுவிடும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியோடு தமிழ் இலக்கியமும் எழுத இடமுண்டு. ஆதலால் “தமிழ் இருக்கிறதா?” என்று கேட்டு, “இருக்கிறது” என்ற விடையோடு திரும்பிவிடாமல், “சென்ற ஆண்டு எஸ்.பி.எம்.மில் எத்தனை பேர் தமிழ் எழுதினர்?” என்று கேளுங்கள்.

நான்காம் படிவத்தில் எந்தெந்தப் பாடத் தொகுதிகள் உண்டு என்பதையும் இப்போதே அறிந்துகொள்ளவேண்டும். பெளதிகமும் இரசாயனமும் இல்லாத பள்ளியில் சேர்ந்த பிள்ளை டாக்டராகும் ஆசையை அங்கே வளர்க்க முடியாது.

பள்ளி நேரத்தையும் மறத்தலாகாது. இடநெருக்கடியால் பல இடைநிலைப் பள்ளிகள் காலை, பிற்பகல் என இரு வேளைகளில் நடைபெறுகின்றன. கீழ்ப் படிவங்கள் பெரும்பாலும் பிற்பகலில். தாயும் தந்தையும் காலையிலேயே வேலைக்குச் சென்றுவிடும் வீட்டில், பன்னிரண்டு வயதுப் பிள்ளை மதியம்வரை தனியே இருக்கும். தோட்டத்து லயத்தில் அண்டை அயலார் பார்த்துக்கொண்டனர். அடுக்குமாடியில் எதிர்வீட்டார் பெயரே தெரியாமலிருக்கலாம். இத்தகைய குடும்பத்திற்கு, சராசரி சற்றுக் குறைந்தாலும் நடந்து போகும் தூரத்துப் பள்ளியே மேல் என்பது நம் எண்ணம்.

பிற நாடுகளிலும் இக்கவலை உண்டு. இங்கிலாந்தில் பெயர்பெற்ற அரசாங்கப் பள்ளியின் எல்லைக்குள் வீட்டு விலை ஏறிவிடுகிறது. சிங்கப்பூரில் ஆரம்பப் பள்ளிச் சேர்க்கையின்போது ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு முன்னுரிமை தருகின்றனர்.

விசாரிக்க ஏற்ற காலம் பிள்ளை ஐந்தாம் ஆண்டில் இருக்கும்போதாகும். ஆறாம் ஆண்டு முடிந்து, பள்ளி ஒதுக்கப்பட்டபின் வீடு மாறினால், மாற்ற விண்ணப்பத்தையே நம்பியிருக்க நேரிடும். முன்பணம் கட்டுமுன் வீட்டின் முகவரியை எழுதிக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்திற்குச் சென்று, அம்முகவரிக்கும் அருகிலுள்ள தமிழ்ப் பள்ளிக்கும் உரிய இடைநிலைப் பள்ளி எதுவெனக் கேட்கலாம். பின் அப்பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். பஸ் வருகிறதா, பிள்ளைகள் எந்தச் சாலையைக் கடக்கின்றனர் என்பதெல்லாம் தெரியும். அங்கே பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இருவரிடம் பேசுங்கள். தமிழ் வகுப்பு இல்லையென்று தெரிந்தால், குடியேறியபின் பதினைந்து மாணவரின் பெற்றோரிடம் கையொப்பம் பெற்றுத் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுக்கலாம். கடிதத்தின் நகல் ஒன்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் கொடுத்து வைப்பது நல்லது.