வடசென்னைக்கு வந்து சேராத அலைவரிசை

2004ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, ஜப்பானிய அசைவுச் சித்திரங்களுக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை இந்தியாவில் ஆரம்பமாயிற்று. அனிமாக்ஸ் என்பது அதன் பெயர். ஜப்பானில் சோனி ஸ்தாபனமும், சன்ரைஸ், டோயி, டி.எம்.எஸ்., என்.ஏ.எஸ். என்னும் நான்கு நிறுவனங்களும் ஒன்றுகூடி, வருஷக்கணக்காகத் தங்கள் வசம் சேர்ந்திருந்த தொடர்களுக்கு நிரந்தரமான அரங்கம் ஒன்று வேண்டுமென்று கருதி, 1998இல் தொடங்கிய அலைவரிசை அது. 2004 ஜனவரியில் தைவான், ஹாங்காங், தென்கிழக்கு ஆசிய நாடுகள் என்று கடல் தாண்டிக் கிளை பரப்பி, ஆறு மாதத்தில் நம் நாட்டுக்கும் வந்தது. பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற ஒரே காரணத்துக்காகப் பெரியவர்கள் ஏறெடுத்தும் பாராமல் ஒதுக்கியிருந்த ஒரு கலைக்கு, செய்திக்கும் விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் இருப்பதுபோல் சுதந்திரமான ஓர் இடம் கிடைத்தது சாமானியமான காரியமன்று.

ஆயினும் அந்த ஜூலை மாதத்தில் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தங்கள் வீட்டுப் பெட்டியில் அந்த அலைவரிசையைக் கண்டவர்கள் மிகச் சொற்பமாகவே இருந்திருக்க முடியும். அதற்குக் காரணம் ஜனங்களின் ருசியன்று. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னால் இந்நகரத்தில் அமலுக்கு வந்த ஒரு சட்டம்.

அதற்கு முன்னிருந்த ஏற்பாடு எல்லோரும் அறிந்ததே. தெருவில் யாரேனும் ஒருவர் தம் மொட்டைமாடியில் நாலைந்து டிஷ்களை வானத்தை நோக்கி நிறுத்தி, ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனிக் கருவியால் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே கறுப்புக் கம்பியில் ஏற்றி, விளக்குக் கம்பத்திலிருந்து மாடிக்கும் மாடியிலிருந்து அடுத்த மாடிக்குமாக இழுத்துக்கொண்டே போவார். கம்பி நீள நீளச் சமிக்ஞை தளர்ந்துவிடும். ஆகையால் இடையிடையே அதற்கு வலுவூட்டும் பெட்டிகளைப் பொருத்துவார். கடலோரத் தெருக்களில் உப்புக்காற்று அந்தப் பெட்டிகளின் திருகாணிகளையும் இணைப்பு முனைகளையும் விரைவில் அரித்துவிடும். முனை துருவேறிய மறுகணமே படம் புள்ளி புள்ளியாய்க் கலையும். கேபிள்காரர் வீட்டுப் பையன் தோளில் கம்பிச் சுருளுடன் ஏணி ஏறி, முனையை வெட்டியெறிந்து, செம்புக் கம்பியைப் புதிதாய்ச் சீவி மாட்டிவிட்டு, 'இப்போ வருதா பாருக்கா' என்று மேலிருந்து குரல் கொடுப்பான். பணம் கட்டிப் பார்க்கும் அலைவரிசையானாலும் இலவச அலைவரிசையானாலும் எல்லாம் அந்த ஒரே கம்பியில் கலந்து, மாதம் ஒரே தொகைக்கு வந்துகொண்டிருந்தன.

2003 செப்டம்பர் 1ஆம் தேதி இந்த வழக்கம் மாறிற்று. கட்டண அலைவரிசைகளைப் பூட்டி அனுப்ப வேண்டும், வேண்டியவர்கள் செட்டாப் பாக்ஸ் என்னும் பெட்டியை வாங்கி அவற்றைத் திறந்துகொள்ள வேண்டும் என்ற மத்திய அரசின் ஏற்பாட்டை, டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய மற்ற மூன்று பெருநகரங்களும் ஒத்திப்போட்டிருந்த காலத்தில், சென்னை மட்டுமே ஏற்று நடத்தியது. இலவச அலைவரிசைகளின் தொகுதிக்கு மாதம் 72 ரூபாயும் வரியும் செலுத்தினால் போதும். தமிழ் அலைவரிசைகளில் ஜனங்கள் விரும்பிப் பார்த்தவை அநேகமாக அந்தத் தொகுதியிலேயே கிடைத்தன. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமப்பவரோ, திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் இரவுமுறை பார்ப்பவரோ, சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பெட்டியை வாங்கி, அதற்கும் மேல் மாதாமாதம் சந்தா கட்டி, தாம் கேள்விப்பட்டிராத ஓர் அயல்நாட்டுச் சித்திர அலைவரிசையைத் தேடிப் பிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. அனிமாக்ஸ் பூட்டிய கதவுக்கு அப்பால் இருந்த அலைவரிசைகளுள் ஒன்று. தேசமெங்கும் ஆரம்பமான அது, இந்நகரத்தில் பெட்டி வாங்கிய சிறுபான்மையோருக்கே ஆரம்பமாயிற்று.

பூட்டைத் திறந்தவர்களுக்கும் இரண்டாவது தடை ஒன்று காத்திருந்தது, அது பாஷை. அந்த அலைவரிசை இங்கே பிரதானமாக ஆங்கிலத்தில் பேசியது. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் சிறுவன் சித்திரத்தின் வேகத்தையும் வர்ணத்தையும் ரசிக்கலாம். கதாபாத்திரங்கள் எதற்காக அழுகிறார்கள் என்பதைக் கேட்டறிய வழியில்லை. 1993இல் தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் வந்த மௌக்லியின் கதை ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் தயாரித்ததுதான். இந்தியில் வந்த அதனையும் தமிழ்ப் பிள்ளைகள் கண்ணாலேயே புரிந்துகொண்டார்கள். காட்டில் வளர்ந்த பையனின் கதை அந்த அளவில் விளங்கிவிடும். அண்ணன் தம்பிக்கு இடையிலுள்ள மனஸ்தாபமும், தோற்றுப்போன தகப்பனின் வெட்கமும், யுத்தத்தின் தர்மமும் பேசப்படும் தொடர்கள் அவ்விதம் விளங்கமாட்டா.

இதனை நான் வருத்தத்தோடு எழுதுவதற்குக் காரணம், அந்தக் கலையின் ஒரு கிளை, நம் நாட்டில் வேறெந்தப் பிரதேசத்தைக் காட்டிலும் வடசென்னைக்கு நெருங்கிய உறவினது என்று நான் உறுதியாக நம்புவதேயாகும்.

அந்தக் கலை பிறந்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 22 நிமிஷம் ஓடும் சித்திரத்தில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே வரைவதானால் 31,680 சித்திரங்கள் வேண்டும். 1963 ஜனவரி 1ஆம் தேதி, தெசுகா ஒசாமு என்ற சித்திரக்காரர் தமது முஷி தயாரிப்புக் கூடத்திலிருந்து 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற எந்திரச் சிறுவனின் கதையை வாரந்தோறும் தொலைக்காட்சியில் கொண்டுவர முற்பட்டபோது, அவ்வளவு வரைய அவரிடம் ஆளும் இல்லை, காலமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ஒரே சித்திரத்தை மூன்று படங்களுக்கு நிறுத்திவைத்தார். கணக்கு 10,560 ஆகக் குறைந்தது. அதுவும் தாங்காமல், முகத்தை அசைக்காது வாயை மட்டும் அசைத்தார். ஒருமுறை வரைந்த பறத்தலையும் ஓட்டத்தையும் பத்திரப்படுத்தி, பின்வந்த வாரங்களில் திரும்பத் திரும்ப உபயோகித்தார். பாத்திரத்தை நிறுத்திவிட்டுப் பின்னணியை நகர்த்தினார். வறுமையினால் வந்த சிக்கனம் அது.

அந்தச் சிக்கனமே ஒரு பாணியாகப் பக்குவமடைந்தது அதே முஷி கூடத்தில், 1970இல். தெசாகி ஒசாமு என்ற இளைஞர் 'அஷிதா நோ ஜோ' என்ற குத்துச்சண்டைத் தொடரை இயக்கினார். உணர்ச்சி உச்சத்தை அடையும் கணத்தில் அசைவை நிறுத்திவிட்டு, அந்த ஒரு படத்தை மட்டும் கையால் தீட்டிய வர்ணச் சித்திரமாகத் திரையில் நிலைக்கவைக்கும் உத்திக்குப் பெயர்பெற்றவர் அவர். குத்து விழுந்த முகம், வியர்வை, கண்ணின் வெறி எல்லாம் அந்த அசையாத சித்திரத்தில் தங்கி நிற்கும். பார்ப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த அசைவுக்குக் காத்திருப்பான். ஆளும் பொருளும் இல்லாமையால் நிறுத்திய படம், கலைஞன் கையில் வேண்டுமென்றே நிறுத்திய படமாயிற்று.

அதன் கதை நடக்கும் இடம் டோக்கியோவில், அன்றாடக் கூலிகள் குடியிருக்கும் ஒரு சேரி. ஜோ என்ற அநாதை இளைஞன் அலைந்து திரிந்து அங்கே வந்து சேருகிறான். ஒற்றைக்கண்ணரான ஒரு முன்னாள் சண்டைக்காரர், பாலத்தின் அடியில் பலகைகளால் கட்டிய கூடத்தில் அவனைப் பயிற்றுவிக்கிறார். ரிகிஷி என்ற எதிராளி, ஜோவின் எடைப் பிரிவுக்கு இறங்கிவந்து மோதுவதற்காக அன்னத்தையும் ஜலத்தையும் துறந்து உடலை வாட்டி, ஜயித்த மேடையிலேயே உயிர் துறக்கிறான். பத்திரிகையில் தொடர்கதையாக அந்த மரணம் வெளியானபோது, 1970 மார்ச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ 700 பேர் ஒன்றுகூடி அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு மெய்யாகவே இறுதிச் சடங்கு செய்தார்கள்.

இந்தக் கதையை ராயபுரத்தில் யாருக்கு விளக்கவேண்டும்? சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வகுத்துக்கொண்டு, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் படகில் போனவர்களும் மாலையில் கையுறை மாட்டிய பிரதேசம் இது. வாத்தியாருக்காக மோதியவர்களையும், பரம்பரையின் மானத்துக்காக உடலை வருத்தியவர்களையும் பார்த்த தெருக்கள் இவை. 2021இல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வெளிவந்தபோது தமிழ்நாடு முழுவதும் வியந்து பார்த்த அந்த உலகத்துக்கு உடன்பிறந்த ஓர் உலகத்தை, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஜப்பானியர் கோட்டுச் சித்திரத்தில் வரைந்துவைத்திருந்தனர்.

இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்றுண்டு. தெசாகியும் சேர்ந்து ஸ்தாபித்த மேட்ஹவுஸ் கூடம் 2000இல் தயாரித்த 'ஹஜிமே நோ இப்போ' தொடரின் நாயகன், படகு ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தவன். தகப்பனைக் கடல் கொண்டுபோயிற்று. தாயும் மகனும் தூண்டில் போட வருவோரைப் படகில் ஏற்றிச்சென்று ஜீவனம் செய்கிறார்கள். விடியற்காலையில் ஆடும் படகில் கால் ஊன்றி நின்று, பாரமான பெட்டிகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய இடுப்பும் முழங்காலும்தான் பிற்காலத்தில் மேடையில் அவன் குத்துக்கு வலுவாகின்றன. பையனுடைய கைத்திறனைக் காட்டுவதற்கு முன் அவன் செய்த வேலையைக் காட்டும் அந்தச் சிரத்தையைக் காசிமேட்டுப் பிள்ளை ஒருவன் பார்த்திருந்தால், தன் வீட்டு வேலையை யாரோ மதித்து வரைந்திருக்கிறார்கள் என்பதை அக்கணமே அறிந்திருப்பான்.

ஜப்பானின் சரக்குக்கும் இந்தக் கரைக்கும் உள்ள சம்பந்தத்தில் மட்டும் தடையேதும் நேரவில்லை. ஒரகடத்தில் தயாராகும் நிஸ்ஸான் கார்கள் 2010 முதல் எண்ணூர்த் துறைமுகத்திலிருந்தே கப்பலேறின. கதைகள்தான் வழியில் நின்றன.

அவை பின்னர் வந்து சேர்ந்ததற்குத் தனி அலைவரிசை காரணமாக இருக்கவில்லை. 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஆரம்பமாகி, பெட்டியே இல்லாதிருந்த குடிசைகளிலும் ஒரு திரை வந்தது. 2004 டிசம்பரிலேயே தமிழ் ஒலியுடன் டிஸ்னி அலைவரிசை வந்திருந்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி முழுவதும் தமிழிலேயே பேசும் பிள்ளைகள் அலைவரிசையாக வந்தது. ஜப்பானியத் தொடர்களான டோரேமானும் ஷின்சானும் தமிழ் பேசத் தொடங்கியபின், பிள்ளைகள் அவற்றை ஜப்பானியப் பண்டமாகவே கருதவில்லை. ஷின்சானின் இழுப்புக் குரலைத் தெருவில் பேசிக் காட்டாத குழந்தை இல்லையென்ற நிலை வந்தது. அரசு கேபிள் 2011இல் மறுபடி உயிர்பெற்று மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தபோது, இந்த வழக்கம் இன்னும் வேரூன்றியது.

அனிமாக்ஸ் 2017 ஏப்ரல் 18ஆம் தேதி இந்தியத் தொலைக்காட்சியிலிருந்து விடைபெற்றது. அதன் இடத்தில் அதே சோனி ஸ்தாபனம் தொடங்கிய சோனி யே, தமிழையும் தன் பாஷைகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டு பிறந்தது; 2022இல் 'நருடோ' அதில் தமிழ் பேசிற்று. ஜப்பானியச் சித்திரத்துக்கென்றே இருந்த அலைவரிசை பதின்மூன்று வருஷங்களில் செய்யமுடியாததை, எல்லாவற்றையும் கலந்து தரும் பிள்ளைகள் அலைவரிசை தமிழ் ஒன்றினாலேயே செய்தது என்பது என் அபிப்பிராயம். 2021இல் சோனி 117.5 கோடி டாலருக்கு வாங்கிய க்ரஞ்சிரோல் இணையச் சேவையும் இப்பொழுது பல தொடர்களைத் தமிழில் தருகிறது. யூகோ சாகோ என்ற ஜப்பானியரின் பெருமுயற்சியால், நம் நாட்டு அசைவுச் சித்திரக் கலையின் முன்னோடி ராம் மோகனும் சேர்ந்து, 1992இல் முடித்த ராமாயணச் சித்திரம், 2025 ஜனவரி 24ஆம் தேதி தமிழ்க் குரலுடன் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி 'டீமன் ஸ்லேயர்' படமும் தமிழில் வெளியாயிற்று.

இனித் தமிழில் ஜப்பானியச் சித்திரங்களுக்கென்றே ஓர் அலைவரிசையை யாரேனும் ஆரம்பிப்பதானால், அதற்குக் கூட்டமில்லை என்று சொல்ல இடமில்லை. இருக்கும் குறை வேறு. டப்பிங்கில் எல்லாப் பாத்திரங்களும் எந்த ஊரையும் சேராத ஒரே வழவழப்பான தமிழைப் பேசுகிறார்கள். சேரியின் கூலிக்காரரும் மந்திரியின் மகளும் ஒரே நடையில் வாதாடுகிறார்கள். ஜப்பானியத் தொடர்களில் பேச்சின் ஏற்ற இறக்கமே பாத்திரத்தின் குலத்தையும் தொழிலையும் வயதையும் காட்டிவிடும். அதைத் தமிழில் காட்டுவதற்கு வேண்டிய செல்வம் நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. ஜோவையும் இப்போவையும் தமிழுக்குக் கொண்டுவர எண்ணுபவர்கள், வசனத்தைக் கோடம்பாக்கத்து அறையில் எழுதி முடித்துவிடாமல், ராயபுரத்தின் குத்துச்சண்டைக் கூடங்களில் சில மாலைகள் உட்கார்ந்து, அங்கே வாத்தியார் மாணவனை அதட்டும் விதத்தைக் காதால் கேட்டு எழுதவேண்டும். கூடுமானால் அங்குள்ள பிள்ளைகளையே குரல் கொடுக்கவும் அழைக்கவேண்டும்.