நாடு விட்டு நாடு சென்ற தூரிகை

1789ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி பிரெஞ்சு மன்னரையும் அரசியையும் மக்கள் கூட்டம் வேர்சேய் அரண்மனையிலிருந்து பாரிஸ் நகருக்குக் கொண்டு வந்து சேர்த்தது. அன்றிரவு இத்தாலி நோக்கிப் புறப்பட்ட பயணிகள் வண்டியில், ஏழைப் பெண்போல் உடுத்த மாதொருவர் அமர்ந்திருந்தார். அருகே அவரது ஒன்பது வயது மகள் ஜூலி. அம்மாது எலிசபெத் விஜே லெ புரூன். அரசி மரி அந்துவானெத்தின் திருவுருவைப் பலமுறை தீட்டிய ஓவியர்.

அவர் ஏழையாகப் புறப்பட்டது வேஷம் மட்டுமன்று. 1776இல் அவர் மணந்த கணவர் ஓவிய வணிகர். மனைவியின் ஊதியம் முழுவதும் அவர் கைக்கே போயிற்று. பத்து இலட்சம் பிராங்குக்கு மேல் ஈட்டியும் தமக்கென ஒன்றும் மிஞ்சவில்லை என்று அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார்.

ஆனால் ஊர்வாய் அவரை விடுமா? முன்பு ஒருநாள் தம் இல்லத்து விருந்தினருக்குப் பழைய கிரேக்க உடை அணிவித்து இராப்போசனம் அளித்திருந்தார். செலவு ஏறக்குறைய 15 பிராங்குதான். வேர்சேயில் அது இருபதினாயிரம் ஆயிற்று; ரோமாபுரியில் நாற்பதினாயிரம்; வியன்னாவில் அறுபதினாயிரம்; ருஷ்யத் தலைநகரில் எண்பதினாயிரம்! அவர் செல்லுமுன் வதந்தி சென்று காத்திருந்தது.

வதந்தியைப் போலவே புகழும் முன்சென்றது. புளோரன்ஸ் நகரின் உபீசிக் கலைக்கூடம் வேண்ட, 1790இல் தம் உருவைத் தாமே தீட்டினார். அதில் அவர் தூரிகை வரைந்துகொண்டிருப்பது மரி அந்துவானெத்தின் முகத்தை. 1795இல் சென் பீட்டர்ஸ்பேர்க் சேர்ந்தார். பேரரசி கதரீனின் பேத்திகளை வரைந்தபோது, வெறுங்கை கண்டு பேரரசி முகஞ்சுளிக்க, நீண்ட கைச்சட்டையைத் தீட்டிச் சேர்த்தார். பிழைக்க வந்த இடத்தில் வேறென் செய்வது?

பாரிஸிலோ, அவர் பெயர் நாட்டைத் துறந்து ஓடியோர் பட்டியலில் ஏறியது. சொத்தைக் காக்கவெனக் கணவர் 1794இல் அவரை விவாகரத்துச் செய்தார். எனினும் அந்நியச் சீமைகளில் அவர் ஈட்டியது முதன்முறையாக அவர் கையிலேயே தங்கியது.

அங்கேயே ஒரு பேரிடியும் காத்திருந்தது. வண்டியில் உடன்வந்த ஜூலி, தாயின் விருப்பத்துக்கு மாறாக நிக்ரிஸ் என்பவரை மணந்து பிரிந்தாள். அப்பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கக்கோரி, 1799இல் பாரிஸில் 255 பேர் கையொப்பமிட்டனர். 1802இல் அம்மையார் தாயகம் திரும்பினார். மகள் உடன் வரவில்லை.