உங்களிடம் எத்தனை எழுத்துருக்கள் உள்ளன?

சென்ற ஆண்டு எமது பத்திரிகையின் பக்கங்களை அச்சேற்றும் அச்சகத்திலிருந்து ஒரு படிவம் வந்து சேர்ந்தது. பாவனையிலுள்ள எழுத்துருக்கள் எத்தனை, அவை எவ்வகையின, ஒவ்வொன்றுக்கும் உரிமம் எவரிடமிருந்து பெறப்பட்டது என்பனவே அதிலிருந்த கேள்விகள். அரைமணி நேர வேலையென்று எண்ணியே நாம் அமர்ந்தோம். எம்மில் ஒருவர் கணினியிலுள்ள கோப்புகளை எண்ணினார். இன்னொருவர் பெயர்களை எண்ணினார். மூன்றாமவர் நாளாந்தம் உண்மையாகப் பயன்படுபவற்றை மட்டும் எண்ணினார். மூன்று தொகைகளும் ஒன்றுக்கொன்று கிட்டவும் வரவில்லை. கடைசிக் கேள்விக்கோ எம்மிடம் விடையே இருக்கவில்லை.

இக்குழப்பம் எம்முடையது மட்டுமன்று. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் ஒரே முகத்தின் பத்துப் புள்ளி ஓர் எழுத்துரு, பன்னிரண்டு புள்ளி இன்னோர் எழுத்துரு. தனித்தனி அறைகளில் கிடந்த அவற்றை எண்ணுவதில் ஐயமிருக்கவில்லை. ஒரே வரைவை எந்த அளவுக்கும் விரிக்கலாம் என்ற நிலை கணினியோடு வந்தபோது, அளவு கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. 1985 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட லேசர்ரைட்டர் அச்சுப்பொறியில் 13 எழுத்துருக்கள் இருந்தன. ஆனால் அவற்றின் குடும்பங்கள் நான்கே: ரைம்ஸ், ஹெல்வெற்றிகா, கூரியர் ஆகியவற்றில் நேர், சாய்வு, தடிப்பு, தடிப்புச் சாய்வு என நந்நான்கு, அவற்றோடு குறியீட்டெழுத்து ஒன்று. அடுத்த ஆண்டு வந்த பொறியில் தொகை 35 ஆயிற்று. அவை எத்தனை குடும்பம் என்று கேட்டால், ஒடுங்கிய ஹெல்வெற்றிகாவைத் தனிக்குடும்பமாகக் கொள்பவர் பதினொன்று என்பார். தாயோடு சேர்ப்பவர் பத்து என்பார். இருவர் கூற்றும் பிழையன்று.

இதனை முற்கூட்டியே உணர்ந்தவர் எனத் தக்கவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அட்ரியன் ஃபுருட்டிகர். 1957 இல் பாரிஸ் நகரில் வெளியான அவருடைய யுனிவர்ஸ் எழுத்துரு 21 வடிவங்களைக் கொண்டிருந்தது. அவற்றுக்குப் பெயர் சூட்டாது இலக்கம் சூட்டினார் அவர். முதல் இலக்கம் தடிப்பைச் சுட்டும். இரண்டாவது அகலத்தையும் சாய்வையும் சுட்டும். 55 என்றால் இயல்பான நேர்வடிவம், 56 அதன் சாய்வு, 65 தடிப்பு. இலக்கத்தைக் கண்டதும் உறவுமுறை தெரிந்துவிடும்.

இன்றைய உரிம நூலகங்களில் இத்தெளிவைக் காண்பது அரிது. ஆயிரம் குடும்பங்கள் என்று அறிவிப்பதைவிடப் பல்லாயிரம் எழுத்துருக்கள் என்று அறிவிப்பது வணிகத்துக்கு உகந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2016 இல் அறிமுகமான மாறுநிலை எழுத்துரு கணக்கை மேலும் சிக்கலாக்கிற்று. மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரான் என்ற தமிழ் எழுத்துருவுக்கு ஒன்பது தடிப்புகள் உண்டு. கூகுள் நூலகம் இப்போது அதனை ஒரே கோப்பாகவும் தருகிறது. அதை ஒன்றென்பதா, ஒன்பதென்பதா?

எமக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறு. 2010 இல் தொடங்கிய கூகுள் நூலகத்தில் 1,500 க்கும் மேற்பட்ட குடும்பங்கள் உள்ளன. அவற்றுள் தமிழெழுத்து உள்ளவை ஒரு சிறு பட்டியலுக்குள் அடங்கிவிடும். பெருந்தொகையைக் கண்டு மகிழ்ந்து உள்ளே நுழையும் தமிழர், மொழி என்ற சல்லடையில் அரித்த பின்னரே தமக்குரிய கையளவைக் காண்கிறார்.

வகைப்பாட்டிலும் நாம் இரவல் வீட்டிலேயே குடியிருக்கிறோம். 1954 இல் மக்சிமிலியன் வொக்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த பிரிவுகள், இலத்தீன் எழுத்தின் வரலாற்றையே அடியொற்றியவை. காலில் முனைக்கோடு உண்டா இல்லையா என்பதே இன்றும் முதற்பிரிவு. தமிழெழுத்துக்கோ அத்தகைய முனைக்கோடு மரபிலேயே இல்லை. நோட்டோ செரிஃப் தமிழ் முனைக்கோட்டு வகையில் வைக்கப்பட்டிருப்பது, தடிப்பும் மென்மையும் மாறிவரும் அதன் கோடுகள் அவ்வகை இலத்தீன் எழுத்தோடு பக்கத்திற் பொருந்துவதாலேயே. ணகரச் சுழிகள் தடிப்பில் அடைபடாதிருக்கின்றனவா, உகர ஊகார வரிசைகள் தெளிவாக உள்ளனவா என்று ஒரு தமிழ் அச்சுக்கோப்பாளர் முதலிற் பார்ப்பவற்றுக்கு அங்கே பிரிவு கிடையாது.

பாமினியை எங்கே வைப்பது? புலம்பெயர்ந்த எம்மவரின் மலர்களும் மரண அறிவித்தல்களும் நெடுங்காலம் அதிலேயே அச்சாகின. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினியின் உள்ளே பதிவாவன ஜே, கே, பீ, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. தமிழுக்கு ஒருங்குறியில் 1991 முதலே தனியிடம் உண்டெனினும், இக்கோப்பைச் சோதிக்கும் பொறி அதனை இலத்தீன் எழுத்துரு என்றே கணக்கெடுக்கும். தமிழ் எனத் தேடுபவருக்கு அது கிட்டாது.

இதனால் விளையும் கேடு ஏட்டளவில் நிற்பதன்று. தஞ்சக் கோரிக்கைக்கான தமது வாக்குமூலத்தைப் பாமினியில் தட்டச்சுச் செய்து வழக்கறிஞருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய அன்பர் ஒருவரை நாம் அறிவோம். அவ்வெழுத்துரு இல்லாத அக்கணினியில் திறந்தபோது, அவருடைய துன்பம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் நின்றது. மொழிபெயர்ப்பாளரிடம் போகவேண்டிய நாள் தவறியது. பிடிஎஃப் ஆக மாற்றி, எழுத்துருவை அதற்குள்ளேயே பதித்து அனுப்பியிருந்தால் கண்ணுக்காவது தமிழாய்த் தெரிந்திருக்கும். அதற்கும் அனுமதி வேண்டும் என்பதைப் பலர் அறியார். ஒவ்வொரு எழுத்துருக் கோப்பினுள்ளும் பதித்தலுக்கான ஒரு குறி உண்டு: தாராளமாகப் பதிக்கலாம், திருத்துவதற்கும் பதிக்கலாம், பார்க்கவும் அச்சிடவும் மட்டும் பதிக்கலாம், அனுமதியின்றிப் பதிக்கலாகாது என நான்கு படிகள். இறுதிப் படியிலுள்ளதைப் பதிக்க மென்பொருள் மறுத்துவிடும்.

உரிமங்களும் இவ்வாறே துண்டுபட்டவை. மேசைக்கணினிக்கு எத்தனை பேர் பாவிக்கின்றனர் என்று எண்ணுவர். இணையப் பக்கத்துக்கு எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று எண்ணுவர். கைபேசிச் செயலிக்குத் தனி விலை. சந்தா நிறுத்தப்பட்டால் எழுத்துருவும் நின்றுவிடும் நூலகங்களும் உள. விலைகொடுத்து வாங்கினாலும் நிலையென்று சொல்வதற்கில்லை: ரைப் 1 என்ற பழைய வகைக்கான ஆதரவை அடோபி 2023 சனவரியில் நிறுத்தியது. 2005 இல் தோன்றி 2007 இல் திருத்தம் பெற்ற எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமமே எம்போன்ற சிறு பத்திரிகைகளுக்கு மூச்சுவிட இடம் தந்தது. பாவிக்கலாம், பதிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் தடை. கட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை, கவிவனார் முதலியன இவ்வுரிமத்தில் வந்தவை.

படிவத்துக்கு மீள்வோம். நெகிழ்தட்டுகளில் கைமாறி வந்து, உரிமக் குறிப்பு எதுவுமின்றிக் கிடந்த எழுத்துருக்களைப் பக்க வடிவமைப்பிலிருந்து விலக்கினோம். பழைய இதழ்களைத் திறப்பதற்காக மட்டும் அவற்றை ஒரு தனிக் கணினியில் வைத்திருக்கிறோம். எஞ்சியவை நான்கு குடும்பங்கள். வடிவங்களாக எண்ணினால் இருபத்திரண்டு. இரண்டு தொகைகளையும் எழுதி அனுப்பினோம். எது வேண்டுமென்று கேட்டு அச்சகத்திலிருந்து இதுவரை மறுமொழி இல்லை.