உங்களுக்குத் தெரியுமா? நச்சரிக்காத ஆன்டிவைரஸ்
புதுக் கணினி வாங்கியதும் ஆன்டிவைரஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிஃபெண்டர் என்ற முழு ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சந்தா கிடையாது. வீட்டு உபயோகத்துக்கு இதுவே தாராளம் என்பேன்.

ஆனால், கடையிலிருந்து வரும்போதே பல கணினிகளில் வேறொரு நிறுவனத்தின் குறுகிய கால இலவச ஆன்டிவைரஸ் ஏற்றப்பட்டிருக்கும். கெடு நெருங்கினால் ‘புதுப்பியுங்கள்’ என்று அடிக்கடி திரையில் வந்து நிற்பது அதுதான். அது இயங்கும்வரை டிஃபெண்டர் தானாக ஒதுங்கியிருக்கும். இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் சோதித்தால் கணினி திணறும். வேண்டாததை நீக்கிவிடுங்கள், டிஃபெண்டர் தானே பொறுப்பேற்கும்.

காவல் வேலை செய்கிறதா என்று பார்க்க, ‘ஐகார்’ என்ற தீங்கற்ற சோதனைக் கோப்பு இருக்கிறது: மொத்தமே 68 எழுத்துகள். நல்ல ஆன்டிவைரஸ் அதைப் பார்த்ததும் தடுத்துவிடும்.