அச்சச் சுவையும் தாய்மையும்: கோயா ஓவியம் முதல் தோட்டத்துப் பெரியாச்சி வரை

இருளையும் இறப்பையும் கோரத்தையும் விரும்பிச் சுவைக்கும் ஓவிய மரபு ஒன்று மேலைநாடுகளில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அதனைக் 'கோத்திக்' சுவை என்பர். இச்சொல் முதலில் ஓர் இனக்குழுவையும், பின்னர் இடைக்காலக் கட்டடக் கலைப் பாணி ஒன்றையும் குறித்தது. ஹோரஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட புதினத்தின் இரண்டாம் பதிப்பில் (1765) 'ஒரு கோத்திக் கதை' என்னும் துணைத்தலைப்பைச் சேர்த்த பின்னரே, அச்சந்தரும் கலைப்படைப்புகளுக்குரிய பெயராக அது நிலைபெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1757-இல், எட்மண்ட் பர்க் என்பார் அச்சமே மாண்புணர்வின் ஊற்று என வாதிட்டு நூல் எழுதியிருந்தார். அச்சம் தருவதை மனிதர் ஏன் விரும்பிக் காண்கின்றனர் என்னும் வினா அன்று முதல் அறிஞரிடையே வழங்கி வருகின்றது.

தமிழாசிரியர்களுக்கு இவ்வினா புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினை அதன் நிலைக்களன்களாகக் கூறுகிறது. பேராசிரியர் தம் உரையில் பேய், பூதம் முதலியவற்றை அணங்கினுள் அடக்குவர். இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பனவும், அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பனவும் களன்களாகும். கோத்திக் ஓவியம் எனப்படும் எதனை எடுத்துக்கொண்டாலும் அதில் அச்சம் தனித்து நிற்பதில்லை. இளிவரலோ அழுகையோ மருட்கையோ அதனோடு கலந்தே வருகிறது. ஆதலின் அவ்வோவியங்களைப் பயில்வதற்கு வேண்டிய கருவி நம் கையில் முன்னரே உள்ளது எனலாம்.

இத்தகைய ஓவியங்கள் பலவற்றுள் தாய், தந்தை, குழந்தை என்னும் உறவை மையமாகக் கொண்ட சிலவற்றை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அதற்கான காரணம் நூலகத்தில் தோன்றியதன்று. பேராக் மாநிலத்தில் ஆயர் தாவாருக்கு அருகிலிருந்த ஓர் இரப்பர் தோட்டத்துக் கோயிலில் தோன்றியது.

சுவரில் தீட்டப்பட்ட தந்தை

இச்சுவைக்குரிய ஓவியங்களைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் ஹென்றி ஃபியூஸ்லி 1781-இல் தீட்டிய 'கொடுங்கனவு' ஓவியத்தில் தொடங்குவர். உறங்கும் பெண்ணின் மார்பின்மேல் ஒரு குறளி அமர்ந்திருக்கும். திரைக்குப் பின்னிருந்து ஒரு குதிரை விழி பிதுங்க எட்டிப் பார்க்கும். நம் ஊர்களில் அமுக்குவான் பேய் என வழங்குவதே இது. எனினும் அதில் நாடகத்தன்மை சற்று மிகுதி. இருமுறை பார்த்தபின் அச்சம் குன்றிவிடுகிறது.

ஃபிரான்சிஸ்கோ கோயாவின் ஓவியம் அத்தகையதன்று. செவிப்புலனை இழந்து, கொடும்போரையும் நோயையும் கண்டு முதுமையடைந்த கோயா, 1819-இல் மாட்ரிட் நகருக்கு வெளியே ஒரு வீட்டை வாங்கினார். அடுத்த நான்காண்டுகளில் அவ்வீட்டின் சுவர்ச்சாந்தின் மீதே பதினான்கு ஓவியங்களைத் தீட்டினார். எவரும் அவற்றை வேண்டிக் கேட்டிலர், எவருக்கும் அவர் அவற்றை விற்கவும் இல்லை, பெயரும் இட்டிலர். அவர் 1828-இல் மறைந்து பல்லாண்டுகள் கடந்த பின்னரே அவை சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுத் துணியில் ஒட்டப்பட்டன. இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் 'கறுப்பு ஓவியங்கள்' என்னும் பெயரில் அவை வைக்கப்பட்டுள்ளன.

அவற்றுள் ஒன்று, தன் மக்களால் தன் ஆட்சி கவிழும் என அஞ்சி அவர்களை விழுங்கிய சாட்டர்ன் என்னும் தொன்மக் கடவுளைக் காட்டுகிறது. அதே அருங்காட்சியகத்தில் ரூபென்ஸ் 1636-இல் தீட்டிய சாட்டர்னும் உண்டு. ரூபென்ஸின் ஓவியத்தில் இருப்பது கதறும் பச்சிளங் குழந்தை, கொடுமை தெளிவு. கோயாவின் ஓவியத்தில் தலையிழந்த உடல் வளர்ந்த ஒருவருடையது போலத் தோன்றுகிறது. அதனைக் காட்டிலும் நம்மைத் தைப்பது தின்பவனின் கண்களே. அவை சினத்தால் அன்றி அச்சத்தால் விரிந்துள்ளன. தான் செய்வதை நிறுத்த இயலாமல், அதனைக் கண்டு தானே நடுங்கும் ஒருவனின் கண்கள் அவை.

இவ்வோவியத்திற்கு அறிஞர் பலவாறு பொருள் கூறியுள்ளனர். காலம் அனைத்தையும் தின்கிறது என்பர் சிலர். தன் மக்களைப் போரில் பலியிட்ட ஸ்பெயின் நாடே அது என்பர் வேறு சிலர். கோயாவின் மக்களுள் ஒரே ஒரு மகன்தான் பிழைத்து வளர்ந்தான் என்னும் செய்தியை அறிந்தபின் அந்தச் சுவரை வேறுவகையாகப் பார்க்க நேர்கிறது. இலண்டனில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது ஒரு விடுமுறையில் மாட்ரிட் சென்று இதன்முன் நின்றேன். கலை வரலாற்று நூல்கள் எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது பெரியாச்சி.

முப்பதாம் நாளில்

எங்கள் தோட்டத்தில் லயங்களுக்குப் பின்னால் காளியம்மன் கோயில் இருந்தது. கோயிலின் இடப்புறம் ஆளுயரச் சுதை வடிவமாகப் பெரியாச்சி அமர்ந்திருந்தாள். பின்சுவரில் தீயும் கரும்புகையும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன. மடியில் ஒரு பெண் மல்லாந்து கிடப்பாள்; அவள் வயிறு பிளந்திருக்கும்; பெரியாச்சியின் வாயில் குடல் தொங்கும். காலடியில் ஓர் அரசன் மிதிபட்டுக் கிடப்பான். உயர்த்திய ஒரு கையில் மட்டும் ஒரு குழந்தை, கீறல் ஒன்றும் இல்லாமல் இருக்கும். எவ்வகையில் நோக்கினும் இது கோயாவின் சுவரோவியத்திற்குக் குறைந்த கோரம் அன்று.

இவ்வடிவம் எங்கள் தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல கோயில்களில் இதனைக் காணலாம். சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்திலும் பெரியாச்சிக்குச் சந்நிதி உண்டு. இதன் பின்னணிக் கதை ஊருக்கு ஊர் வேறுபடும். பொதுவாகக் கூறப்படுவது வருமாறு: கொடுங்கோலன் ஒருவனின் மனைவி கருவுற்றாள். பிறக்கும் குழந்தை மண்ணைத் தொட்டால் கேடு விளையும் என்று குறி கூறப்பட்டது. பேறு பார்க்க ஒரு மருத்துவச்சி அழைக்கப்பட்டாள். அவள் குழந்தையை மண்ணில் படாது கையில் ஏந்தினாள். அரசன் அவளுக்கு வஞ்சகம் செய்யவே, அவள் தன் உக்கிர வடிவைக் காட்டி அரசனையும் அரசியையும் அழித்தாள். கதையில் எத்தனை வேறுபாடு இருப்பினும், அவள் மருத்துவச்சி என்பதும், குழந்தை அவள் கையில் பிழைத்திருக்கிறது என்பதும் மாறுவதில்லை.

கருவுற்ற பெண்களும் பிள்ளை பெற்ற பெண்களும் வழிபடும் தெய்வம் இவளே. குழந்தை பிறந்த முப்பதாம் நாளில் அதனை எடுத்துச் சென்று முதன்முதலாகக் காட்டுவதும் இவளிடமே. என் தம்பியின் முப்பதாம் நாளன்று என் தாயார் அவனைத் துணியில் சுற்றி எடுத்துச்சென்று, அந்தப் பிளந்த வயிற்றுக்கும் தொங்கும் குடலுக்கும் நேர் முன்னே தரையில் கிடத்தியது எனக்கு நன்கு நினைவிருக்கிறது. கருவாடும் முட்டையும் வைத்துப் படைத்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தாயார் அஞ்சவில்லை. பால்மரத் தோட்டங்களில் பேறுகாலச் சாவும் குழந்தைச் சாவும் அன்றாடச் செய்தியாக இருந்த காலத்தை அவருடைய தாயார் கண்டவர். ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு விடியுமுன் பால்வெட்டச் சென்றவர்களுக்கு இனிய முகமுடைய தெய்வம் ஒன்று போதியிராது என இப்போது எண்ணத் தோன்றுகிறது.

உரையாசிரியர்கள் நகை, அழுகை முதலான மெய்ப்பாடுகளைத் தன்கண் தோன்றுவன, பிறன்கண் தோன்றுவன எனப் பகுத்து விளக்குவர். இப்பகுப்பினை ஓவியத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். கோயாவின் சாட்டர்ன் முன் நிற்பவருக்கு அச்சம் தன்கண் தோன்றுகிறது. அங்கே காப்பவர் எவரும் இலர். தின்பவனும் அஞ்சுகிறான், காண்பவனும் அஞ்சுகிறான். பெரியாச்சியின் முன் குழந்தையோடு நிற்கும் தாய் காண்பது பிறர்க்குரிய அச்சத்தை. அப்பல்லும் நகமும் தன் பிள்ளையை அணுக வரும் தீங்கிற்கு எதிரானவை என்பதை அவள் அறிவாள். ஆகவே கோரம் மிகுந்தோறும் அவளுக்கு நெஞ்சில் உறுதி மிகுகிறது. மேலை அழகியலில் இந்நிலைக்குத் தக்க பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. பர்க் கூறிய மாண்புணர்வு, ஆபத்து நம்மைத் தீண்டாத தொலைவில் நிற்கையில் எழுவது. பெரியாச்சியிடம் தொலைவு என்பதே இல்லை. குழந்தையை அவள் காலடியில் கிடத்த வேண்டும்.

கோதமையும் கோல்விட்ஸும்

எனினும் தமிழ் மரபு எப்போதும் காக்கும் தாயையே காட்டிற்று எனக் கூறுதல் பொருந்தாது. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைக் காண்க. புகார் நகரத்துச் சுடுகாட்டை மதில் சூழ்ந்த ஊர் என மயங்கிச் சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே உள்ளே செல்கிறான். அங்குப் பிணத்தின் தலையைக் கையிலேந்தி ஆடும் பேய்மகளைக் கண்டு நடுங்கி ஓடி வந்து தாயிடம் கூறி உயிர்விடுகிறான். கண்ணில்லாத தாய் கோதமை மகனின் உடலைத் தழுவி எடுத்துச்சென்று, மதில் வாயிலில் நின்று சம்பாபதித் தெய்வத்தை அழைத்து முறையிடுகிறாள். போன உயிரை மீட்டுத் தரத் தெய்வம் எதனாலும் இயலாது என்பதே அவள் பெறும் விடை. சாத்தனார் இக்காட்சிக்காகச் சுடுகாட்டை அமைத்துள்ள முறை, நரி, கூகை, வேகும் உடல், எரியும் ஈமம் என ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்வது, தேர்ந்த ஓவியனின் கைத்திறன் எனலாம். கலிங்கத்துப்பரணியின் காளி கோயிலைவிட இதுவே அஞ்சத்தக்கது என்பது என் கருத்து. பரணியில் பேய்கள் கூழ் சமைத்துக் கூத்தாடுகின்றன. அங்கே நகை கலந்துவிடுகிறது. இங்கே அச்சம் முடியும் இடத்தில் இழவு பற்றிய அழுகை தொடங்குகிறது.

கோதமையின் அக்கோலத்தை ஒத்த ஒரு படைப்பை ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1903-இல் செதுக்கச்சில் உருவாக்கினார். இறந்த குழந்தையைத் தாய் ஒருத்தி முகம் புதைத்துத் தழுவியிருக்கும் காட்சி அது. அத்தழுவலில் விலங்கின் வெறி தெரிகிறது. முதல் பார்வையில் அவள் குழந்தையை உண்கிறாளோ என்னும் ஐயம்கூட எழும். கோல்விட்ஸ் ஏழு வயதான தம் இளைய மகன் பீட்டரை மடியில் கிடத்தி, கண்ணாடியில் தம்மையே பார்த்து அதனை வரைந்தார். அதே பீட்டர் 1914 அக்டோபரில் உலகப் போரில் இறந்தான்.

காரைக்கால் அம்மையாரையும் இங்குச் சேர்த்தல் வேண்டும். பேய்வடிவை வேண்டிப் பெற்ற அவரை இறைவன் அழைத்த சொல் 'அம்மை' என்பது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள சோழர் காலச் செப்புத்திருமேனியில் எலும்பும் தோலுமாய், கையில் தாளத்தோடு அவர் அமர்ந்திருக்கிறார். இளிவரலின் களன்களான மூப்பும் வருத்தமும் அவ்வுடலில் உள்ளன. முகத்தில் உவகை உள்ளது. மாணவர்க்கு மெய்ப்பாட்டியல் கற்பிக்கையில் இவ்வொரு படம் ஒரு மணி நேர விளக்கத்திற்கு ஈடாகும் என்பது என் பட்டறிவு.

புதுப்பிக்கப்பட்ட முகம்

எங்கள் தோட்டம் இன்று செம்பனைக்கு மாறிவிட்டது. லயங்கள் இல்லை, மக்கள் ஆயர் தாவாரிலும் சித்தியவானிலும் ஈப்போவிலும் குடியேறிவிட்டனர். கோயில் மட்டும் எஞ்சியது. சில ஆண்டுகளுக்கு முன் திருப்பணி நடைபெற்றுக் குடமுழுக்கும் ஆயிற்று. சென்று பார்த்தபோது பெரியாச்சி இளஞ்சிவப்பு வண்ணத்தில் புன்னகை பூத்திருந்தாள். மடியில் கிடந்த பெண்ணைக் காணவில்லை. அரசனையும் காணவில்லை. குழந்தை இருந்தது, அவள் அதனைத் தாலாட்டுவதுபோல் அமைத்திருந்தார்கள். பின்சுவர்த் தீயின்மீது வெளிர்நீலம் பூசப்பட்டிருந்தது.

நிருவாகக் குழுவில் இருந்த ஒருவர் என்னுடன் தொடக்கப்பள்ளியில் பயின்றவர். காரணம் கேட்டேன்.

"பிள்ளைங்க பயப்படுதுங்க சார். வேற இனத்துக்காரங்க வந்து பாத்தா என்ன நினைப்பாங்க? நாமளும் கொஞ்சம் நாகரிகமா இருக்க வேணாமா?" என்றார்.

அவர் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. தோட்டத்துச் சிறு தெய்வங்களைக் காட்டுமிராண்டித்தனம் என இகழ்ந்தவர்கள் வெளியாரினும் நம்மவருள்தான் மிகுதி. அவ்விகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர் அவர். நானும் ஒரு காலத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தவன்தான். ஆயினும் கோயா ஓவியத்தின்மீது எவரேனும் புன்னகை தீட்டினால் உலகம் பொறுக்குமா என்னும் வினாவும் எழாமல் இல்லை. பரணியின் காடு பாடியதையும் மணிமேகலையின் சுடுகாட்டையும் 'மாணவர்க்கு ஏற்றதன்று' என வகுப்பில் கடந்து செல்லும் நம் வழக்கத்திற்கும் அந்த வெளிர்நீலப் பூச்சுக்கும் உறவு உண்டு என்றே கருதுகிறேன்.

பேராக் தோட்டக் கோயில்களின் இத்தகைய சுதை வடிவங்களும் சுவரோவியங்களும் முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டியவை. வடித்தவர் எவர், எவ்வாண்டில் வடித்தார், எத்தனை முறை வண்ணம் மாற்றப்பட்டது என்பவற்றை முதியவர்களிடம் இப்போது கேட்டால்தான் உண்டு. எங்கள் கோயிலைப் பொறுத்தவரை அதுவும் காலங்கடந்துவிட்டது. வடித்தவர் தோட்டத்திலேயே பால்வெட்டியவர் என்பது மட்டும் என் தாயாருக்கு நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. என்னிடம் இருப்பது தம்பியின் முப்பதாம் நாளில் எடுத்த ஒரு நிழற்படம். தாயார் நிமிர்ந்து பார்க்கிறார். மடியில் குழந்தை உறங்குகிறது. பின்னால் பெரியாச்சியின் முகம் படச்சட்டத்திற்கு வெளியே போய்விட்டது. உயர்த்திய கையும் அதிலுள்ள குழந்தையும், அதற்குக் கீழே குடலின் சிவப்பும் மட்டும் தெரிகின்றன.